எத்தனை நொடி மிதிப்பீர்கள்?

சூப்பர்சார்ஜர் கார் வைத்திருப்பவர்களுக்கும், செகண்ட் ஹேண்டில் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும், இருக்கிற இன்ஜினிலேயே ஒரு ப்ளோயரை, அதாவது சூப்பர்சார்ஜரை, ஏற்றிப் பார்க்கத் துடிக்கும் இளவட்டங்களுக்கும்,



நாலு பேர் கூடினால் உங்களுக்குள் ஒரே சண்டைதான். காற்றால் குளிரும் இன்டர்கூலர் உசத்தியா, தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர் உசத்தியா? ஒருவர் டாட்ஜ் ஹெல்கேட்டைக் காட்டி வாயடைக்கப் பார்க்கிறார். இன்னொருவர் லோட்டஸைக் காட்டுகிறார். மூன்றாமவர் இன்டர்கூலரே இல்லாத கவாஸாகி எச்2 பைக்கை இழுத்துவந்து இரண்டு பேரையும் குழப்புகிறார். மூவர் சொல்வதும் அவரவர் வண்டிக்குச் சரி. ஆனால் உங்கள் ப்ளோயர் எந்த வகை, அது இன்ஜினில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் ஒரே மூச்சில் எத்தனை நொடி மிதியை அடிவரை அழுத்துவீர்கள் என்பதைச் சொல்லாமல் இந்த வாதத்தில் இறங்கினால் விடிய விடியப் பேசலாம், முடிவு வராது. முடிவைச் சொல்வது இவைதான். கேட்லாக்கில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் குதிரைத்திறனுக்கு அதில் பங்கு ரொம்பக் கம்மி.

முதலில் சூட்டின் கணக்கைப் பார்த்துவிடுவோம். நம் ஊர் ஏப்ரல் மதியம், வெளியே 38 டிகிரி. ப்ளோயர் 0.6 பார் பூஸ்ட் கொடுக்கிறது. துளி இழப்பும் இல்லாத கற்பனைக் கம்ப்ரஸரில்கூட இந்த அழுத்தத்துக்குக் காற்று சுமார் 45 டிகிரி சூடேறியே தீரும். நிஜ ப்ளோயர்கள் அதன்மேல் தங்கள் பங்கையும் சேர்க்கும். 55 சதவீதத் திறனில் ஓடும் பழைய ரூட்ஸ் வகையிலிருந்து காற்று 119 டிகிரியில் வெளியே வரும். 70 சதவீதம் எட்டும் நல்ல ட்வின் ஸ்க்ரூவோ நாலு லோப் ஈட்டன் டிவிஎஸ்ஸோ என்றால் 102 டிகிரி. இந்தச் சூட்டோடு காற்று சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் எட்டிப்பார்க்கும். அதைத் தடுக்க இசியூ இக்னிஷனைப் பின்தள்ளும். பல கார்களில் உள்ளே போகும் காற்று 60 டிகிரியைத் தாண்டும்போதே இந்த வேலை தொடங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய சக்தி அப்படியே சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போகும்.

எவ்வளவு சூட்டை எடுக்க வேண்டும்? 300 குதிரைத்திறன் எடுக்கும் பெட்ரோல் இன்ஜின், உச்சத்தில் நொடிக்குச் சுமார் 200 கிராம் காற்றை விழுங்கும். அதை 102 டிகிரியிலிருந்து 55க்கு இறக்க 9 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். வீட்டு ஏசி கணக்கில் சொன்னால் இரண்டரை டன்னுக்கு மேல். பம்பருக்குப் பின்னால் பதுங்கியிருக்கும் அலுமினியப் பெட்டியிடம் நாம் எதிர்பார்ப்பது இவ்வளவு. இந்த 9 கிலோவாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்டர்கூலர் விற்பவர்கள் சொல்லாமல் தாண்டிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. 102லிருந்து 55க்கு இறங்கினால் காற்றின் அடர்த்தி 14 சதவீதம் கூடும், ஆகவே சக்தியும் 14 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. டர்போ காரில் இதில் பெரும்பகுதி நியாயம், ஏனென்றால் அங்கே வேஸ்ட்கேட் பூஸ்ட்டை ஒரே அளவில் பிடித்து நிறுத்துகிறது. பெல்ட்டில் ஓடும் ரூட்ஸ், ஸ்க்ரூ வகைகளின் கதை வேறு. இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ப்ளோயர் இத்தனை கொள்ளளவு காற்றைத் தள்ளும் என்பதைப் புல்லியின் அளவே தீர்மானித்துவிடுகிறது. பின்னால் இருக்கும் கூலர் குளிர்ந்தாலும் சுட்டாலும் முன்பக்கம் நுழையும் காற்றின் எடை பெரிதாக மாறாது. அதே எடை குளிர்ந்தால் சுருங்கும், அழுத்தம் இறங்கும். அதனால்தான் இன்டர்கூலர் மாட்டிய மறுநாள் பட்டறைக்கு ஓடி வருகிறார்கள்: “அண்ணே, பூஸ்ட் போயிடுச்சு, எங்கேயோ லீக்கு.” 0.6 காட்டிய முள் 0.45க்கு இறங்கியிருக்கும். லீக் எதுவும் இருக்காது. கூலர் தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் லாபம் எங்கே? இக்னிஷனை முன்னே கொண்டுவரலாம். ப்ளோயருக்கு எதிரழுத்தம் குறைவதால் பெல்ட் தின்னும் சக்தியும் கொஞ்சம் மிஞ்சும். முக்கியமாக, சின்ன புல்லி மாட்டிப் பழைய பூஸ்ட்டுக்கே திரும்பப் போகலாம். அந்த 14 சதவீதம் அப்போதுதான் கைக்கு வரும். புல்லியையும் ட்யூனையும் தொடாமல் பெரிய கூலர் மட்டும் மாட்டிவிட்டு வண்டி பறக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

அடுத்தது ப்ளோயர் உட்காரும் இடம். மஸ்டாங் போன்ற வி8 இன்ஜின்களுக்கு விப்பிள், ரவுஷ், எடல்ப்ராக் விற்கும் கிட்டுகளைப் பாருங்கள். ப்ளோயர் இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்தில், இன்டேக் மேனிஃபோல்டின் இடத்தில் படுத்திருக்கும். ரோட்டரை விட்டு வெளியே வரும் காற்று ஒரு சாண் தூரம்கூடப் போகாமல் போர்ட்டுக்குள் இறங்கிவிடும். அந்த ஒரு சாணுக்குள் குளிர்வித்தாக வேண்டும். காற்றைப் பைப்பில் முன் பம்பர் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர அங்கே இடமே கிடையாது. அதனால் கூலர் கட்டி ப்ளோயருக்குக் கீழேயோ பக்கத்திலேயோ ஒளிந்துகொள்ள, சூட்டைச் சுமந்து முன்னால் கொண்டுபோவது தண்ணீர் ஆகிறது. ஆடியின் 3.0 டிஎஃப்எஸ்ஐ வி6இல் ப்ளோயர் கூட்டுக்குள்ளேயே இரண்டு கூலர் கட்டிகளை அடக்கிவிட்டார்கள். 2015இல் வந்த 707 குதிரைத்திறன் ஹெல்கேட்டிலும் அதே ஏற்பாடு. தண்ணீர் முறை அறிவியலில் வென்றதால் அங்கே போய்ச் சேரவில்லை. வேறு வழியில்லாமல் போய்ச் சேர்ந்தது. பிறகு அதையே நன்றாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

சென்ட்ரிஃபியூகல் வகையை எடுத்துக்கொள்ளுங்கள்: ப்ரோசார்ஜர், வோர்டெக், டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ். பார்க்க டர்போவின் குளிர்ந்த பாதி மாதிரியே இருக்கும், சுழற்றுவது மட்டும் பெல்ட். இன்ஜினின் முன்பக்கத்தில் தொங்கும், ஒரே வட்ட வாய் வழியாகக் காற்றைத் துப்பும். அந்த வாயில் ஒரு ஹோஸை மாட்டி ரேடியேட்டருக்கு முன்னால் கொண்டுபோவது அரைநாள் வேலை. அதோடு இதன் பூஸ்ட் சுழல்வேகத்தோடு கூடிக்கூடிப் போய் ரெட்லைனில்தான் உச்சம் தொடும். அடி வேகத்தில் சூடு குறைவு, மேலே போனால்தான் கொதிப்பு. அந்த நேரத்தில் வண்டியும் வேகமாகப் போய்க்கொண்டிருப்பதால் முன்னால் காற்று தாராளம். ஆகவே இந்த வகைக்கு முன்பக்கக் காற்று இன்டர்கூலரே பொருத்தம். இதில் தண்ணீர் டப்பா மாட்டி அலைவதற்கு நியாயமான காரணம் சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை, நேர்கோட்டு டிராக் ரேஸ் (drag) ஓட்டுபவர்களைத் தவிர. அவர்களிடம் பின்னால் வருகிறேன்.

காற்று இன்டர்கூலர் நம் ஊருக்குப் புதிதல்ல. நெடுஞ்சாலையில் போகும் டர்போ டீசல் லாரிகளின் மூக்கில் இருப்பது அதுதான். லாரி மணிக்கணக்கில் ஒரே பாரத்தோடு ஒரே வேகத்தில் போகிறது, அதற்கு இதைவிட எளிய, கெடாத ஏற்பாடு கிடையாது. பம்ப் இல்லை, ஒயரிங் இல்லை, தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஓட்டை விழுந்தால் ஆர்கான் வெல்டிங் அடித்துவிட்டு அடுத்த லோடு ஏற்றலாம். சூடு அலுமினியத்திலிருந்து நேராக வெளிக்காற்றுக்குப் போகிறது. நடுவில் தரகர் கிடையாது. ஒரே அளவு முன்பரப்பைக் கொடுத்து மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் தண்ணீர் முறை இதனிடம் தோற்கும், ஏனென்றால் அங்கே சூடு காற்றிலிருந்து தண்ணீருக்கும், தண்ணீரிலிருந்து மறுபடி காற்றுக்கும் என்று இரண்டு கை மாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில டிகிரி கமிஷன்.

ஃபோர்டு 1989 தண்டர்பேர்ட் சூப்பர் கூப்பில் ஈட்டன் எம்90 ப்ளோயரை வைத்தபோது காற்று இன்டர்கூலரைத்தான் எடுத்துக்கொண்டது. அதே கம்பெனி பத்து வருஷம் கழித்து 1999 எஃப்-150 லைட்னிங்கில் எம்112 ப்ளோயருக்குத் தண்ணீர் முறைக்குப் போய்விட்டது. வி8இன் பள்ளத்தில் ப்ளோயர் அடக்கமாக உட்கார்ந்தது, பைப் மிச்சமானது, மிதித்த உடனே துள்ளல் கிடைத்தது. நீளப் பைப் போட்டால் லேக் வரும் என்று பயமுறுத்துபவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். 2 லிட்டர் இன்ஜின் 3000 சுற்றில் நொடிக்கு 50 லிட்டர் வரை இழுக்கிறது. பைப்பும் கூலரும் சேர்ந்து 10 லிட்டர் என்றால் தாமதம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் இருக்கும். பந்தயத்தில் அதைவிட அதிக நேரத்தை கியர் மாற்றுவதிலேயே தொலைக்கிறோம். ஆனால் நீங்கள் டர்போவை விட்டு சூப்பர்சார்ஜருக்கு வந்ததே அந்த உடனடித் துள்ளலுக்காகத்தான் என்றால் கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

காற்று வகையிலேயே இன்னொரு கிளை, இன்ஜின் தலைமேல் உட்காரும் கூலர். பழைய ஸ்கார்ப்பியோ, பழைய ஃபார்ச்சூனர் டீசல் பானெட்டில் வாய் பிளந்திருக்குமே, அந்த வாய்க்குக் கீழே இருப்பது இதுதான். சூப்பர்சார்ஜர் உலகில் இதன் பிரபல வாரிசு 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ், அதாவது ஆர்53. பானெட்டைத் தூக்கினால் கூலர் வால்வு கவருக்கு நேர்மேலே படுக்கை வாட்டில் கிடக்கும், இரண்டு பக்கமும் துருத்தி மாதிரி மடிப்பு ரப்பர் ஹோஸ். எம்45 ப்ளோயரின் காற்று ஒரு துருத்தியில் ஏறி மறு துருத்தியில் இறங்கும். பைப்பே கிடையாது எனலாம், அவ்வளவு குறுகிய வழி. ஓடிக்கொண்டிருக்கும்வரை அருமை. சிக்னலில் நின்றால் போச்சு. பானெட் வாயில் காற்று நின்றுபோகும், கீழே இன்ஜின் அடுப்பு மாதிரி எரியும், அலுமினியம் அந்தச் சூட்டை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். பச்சை விழுந்து மிதித்தால் குளிர்விக்க வேண்டிய பெட்டி காற்றைச் சூடாக்கி அனுப்பும். நம்மூர் ஊர்வல டிராஃபிக்கில் இதைவிட மோசமான ஏற்பாட்டை யோசிக்க முடியாது. அந்த ரப்பர் துருத்திகள் வயதானால் மடிப்பின் அடியில் விரிசல் விடும், வெளியே தெரியாது. விரலை உள்ளே விட்டு மடிப்பை விரித்துப் பார்க்க வேண்டும். பானெட் வாய்க்கும் கூலருக்கும் நடுவிலுள்ள சீல் கிழிந்திருந்தால் வாய் வழியாக வரும் காற்று கூலருக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும். அடுத்த தலைமுறை மினி டர்போவுக்கு மாறியது, கூலர் முன்னால் போய்விட்டது. பானெட்டில் வாய் மட்டும் அப்படியே நின்றது, சும்மா அழகுக்கு.

லோட்டஸின் கதை இன்னும் சுவையானது. ஒரே கம்பெனி இந்தக் கேள்விக்குத் திரும்பத் திரும்ப வேறு வேறு பதில் எழுதியிருக்கிறது. 2006 எக்ஸீஜ் எஸ்ஸில் டொயோட்டாவின் 1.8 லிட்டர் இன்ஜின் நடுமுதுகில் இருக்கிறது. கூரையில் ஒரு வாய் வைத்து, அந்தக் காற்றைப் பின்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கூலருக்கு இறக்கினார்கள். ரியர் வ்யூ கண்ணாடியைப் பார்த்தால் பின்னால் வரும் லாரி தெரியாது, இன்டர்கூலர்தான் தெரியும். 2008 எலீஸ் எஸ்சியில் கூலரையே தூக்கிவிட்டார்கள். முதல் எக்ஸீஜ் எஸ்ஸுக்கும் இதற்கும் காகிதத்தில் சக்தி ஏறக்குறைய ஒன்றுதான், 218க்கு 217 குதிரைத்திறன். பின்கண்ணாடியும் தெரியும்! 2012இல் 3.5 லிட்டர் வி6 எக்ஸீஜ் எஸ் வந்தபோதும் கூலர் இல்லை. ஆனால் 2017இல் ட்ராக்குக்கென்றே கூர்தீட்டிய கப் 430 செய்து, அதே வி6இலிருந்து 430 குதிரைத்திறன் கறக்க வேண்டும் என்று வந்தபோது, தண்ணீர் கூலரை மாட்டினார்கள். 345 குதிரைத்திறனில் இருந்தபோது தேவைப்படாதது 430இல் தவிர்க்க முடியாததாகிவிட்டது. கம்பெனிக்குக் கொள்கை எதுவும் இல்லை. அந்தந்த வண்டியின் பூஸ்ட், இடம், ஓட்டப்போகிறவர் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்தார்கள். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும்.

இனி தண்ணீர். குழந்தைக்குக் கொடுக்கும் சுடுபாலை டம்ளரோடு தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தால் மின்விசிறிக்கு அடியில் வைப்பதைவிடச் சீக்கிரம் ஆறும். ஆனால் இரண்டாவது, மூன்றாவது டம்ளருக்குள் பாத்திரத்துத் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடும். தண்ணீர் இன்டர்கூலரின் பெருமையும் பலவீனமும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

எண்ணில் சொல்கிறேன். 5 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 21 கிலோஜூல் வேண்டும். நம் 9 கிலோவாட் அதில் கொட்டினால், முன் ரேடியேட்டர் எதுவுமே செய்யாவிட்டாலும், தண்ணீர் நொடிக்கு அரை டிகிரிகூட ஏறாது. சாலையில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய 6, 7 நொடி மிதிப்பீர்கள். 3 டிகிரி. ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு நிமிஷம் சாதாரணமாக ஓட்டும்போது முன் ரேடியேட்டர் அதைச் சத்தமில்லாமல் கழித்துவிடும். சிக்னலில் நின்றாலும் தண்ணீரின் கனம் சூட்டைத் தாங்கிக்கொள்ளும். அன்றாடச் சாலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன்.

இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கு வாருங்கள். 3.7 கிலோமீட்டர் சுற்று. சாதாரணக் காரில் ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷமாவது மிதி அடியில் இருக்கும். அதே 5 லிட்டர் இப்போது சுற்றுக்கு 26 டிகிரி ஏறப் பார்க்கிறது. மூன்றாவது சுற்றில் தண்ணீரின் கையிருப்பு காலி. அதற்குப்பின் நீங்கள் ஓட்டுவது முன் ரேடியேட்டரின் தயவில்தான். அது சின்னதாக இருந்தால், அல்லது ஏசி கன்டென்சருக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், அல்லது பம்ப் முனகிக்கொண்டிருந்தால், உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த கூலர் கட்டி இருந்தும் பயனில்லை. ஒருமுறை நிறைந்துவிட்டால் இறங்கவும் நேரமாகும். காற்றுக் கூலர் அரை நிமிஷத்தில் சூடாகி அரை நிமிஷத்தில் ஆறும். தண்ணீர் பொறுமையாகச் சூடாகும், பொறுமையாக ஆறும்.

நேர்கோட்டு டிராக் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பொறுமையே வரம். 400 மீட்டர் ஓட்டம் 10, 12 நொடியில் முடிந்துவிடுகிறது. 10 நொடியில் நம் 9 கிலோவாட் சேர்ப்பது 90 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆக ஓர் ஓட்டத்துக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ் போதும். டிக்கியில் ஒரு தொட்டி வைத்து ஐஸ் கொட்டினால் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றை இன்ஜினுக்குக் கொடுக்கலாம். காற்றுக் கூலர் என்ன தலைகீழாக நின்றாலும் 38 டிகிரிக்குக் கீழே இறங்காது.

டாட்ஜ் 2018 டீமனில் இந்த ஐஸ் தொட்டிக்குப் பதில் காரின் ஏசியையே பிடித்துப் போட்டார்கள். டிராக் ரேஸ் மோடில் ஏசி கேஸ் உள்ளே இருப்பவருக்குப் போகாமல் இன்டர்கூலர் தண்ணீரைக் குளிர்விக்கப் போகும். கார் ஏசியின் பலம் சில கிலோவாட்தான், 800 குதிரைத்திறன் இன்ஜினின் காற்றில் வரும் சூடோ அதைப்போலப் பல மடங்கு. ஓடும்போது ஏசியால் ஈடுகொடுக்க முடியாது. வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் தண்ணீரில் குளிரைச் சேமித்துவைத்து, ஓட்டத்தில் செலவழிப்பதுதான் சூட்சுமம். இன்ஜினை அணைத்த பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும்படியும் செய்திருக்கிறார்கள். அடுத்த ஓட்டத்துக்குள் ப்ளோயரின் உடல்சூடு இறங்க வேண்டுமே.

இதெல்லாம் அமெரிக்கக் கார்க்காரர்கள் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1942இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 9 விமானத்தில் ஏறிய ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் 61இல் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜர் இருந்தது. காற்று இரண்டு முறை அமுக்கப்பட்டதால் சூடும் பயங்கரம். அதைத் தணிக்க இன்ஜின் கூலன்ட்டோடு சேராத தனி நீர்ச்சுற்று, தனிப் பம்ப், தனி ரேடியேட்டர் வைத்தார்கள். இன்றைய ஹெல்கேட்டின் பானெட்டைத் திறந்தால் இருப்பதும் அதே மூன்று.

பராமரிப்புக்கு வருவோம். செகண்ட் ஹேண்டில் சூப்பர்சார்ஜர் ஆடியோ ஜாகுவாரோ வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். உங்கள் கார் தண்ணீர் முறை. வாங்கும் முன் ஓபிடி டாங்கிளை மாட்டி இன்டேக் காற்றின் சூட்டைப் பார்ப்பீர்கள், நல்லது. ஆனால் எந்த சென்சரைப் பார்க்கிறீர்கள்? பல கார்களில் ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில் ஒன்று, கூலருக்குப் பின்னால் மேனிஃபோல்டில் ஒன்று என இரண்டு உண்டு. மலிவு ஆப்கள் முதலாவதைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதில் 42 டிகிரி என்று பார்த்து மகிழ்வதில் அர்த்தமில்லை. இரண்டாவதைக் காட்டும் ஸ்கேனர் வேண்டும்.

அதைவிடக் கை பெரிய ஸ்கேனர். நன்றாக மிதித்து ஓட்டிவிட்டு ஓரம் கட்டி, இன்ஜினை அணைக்காமல், முன்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டரின் இரண்டு ஹோஸையும் ஜாக்கிரதையாகத் தொட்டுப் பாருங்கள். பெரிய ரேடியேட்டரின் ஹோஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தோலை உரித்துவிடும். போகிற ஹோஸ் இதமான சூடு, வருகிற ஹோஸ் அதைவிடக் குளிர்ச்சி என்றால் எல்லாம் நலம். இரண்டும் ஒரே சூடு என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போகவில்லை. பூச்சியும் மண்ணும் அடைத்திருக்கும், ரேடியேட்டருக்கும் கன்டென்சருக்கும் நடுவே சருகுகூட இருக்கும். இரண்டும் சில்லென்று இருந்து ஸ்கேனர் மட்டும் 75 டிகிரி காட்டினால் தண்ணீர் ஓடவே இல்லை. பம்ப் செத்திருக்கும் அல்லது ஏர் லாக். இந்தச் சின்ன மின்சாரப் பம்ப் செத்தால் பல கார்களில் டாஷ்போர்டில் விளக்குகூட எரியாது. கார் கொஞ்சம் மந்தமாக ஓடும், ஓனர் பெட்ரோலைத் திட்டிக்கொண்டிருப்பார். ஏர் லாக்கை ஊற்றி ஊற்றி எடுக்கலாம் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். வளைந்து நெளிந்து போகும் இந்தச் சுற்றுக்கு வாக்குவம் ஃபில்லர் உள்ள இடத்துக்குப் போவதே மேல்.

ரிசர்வாயரில் தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டும் இல்லை என்றால் அந்த வண்டியை விட்டு விலகி வாருங்கள். கூலர் கட்டி உள்ளேயே ஒழுகி இன்ஜினுக்குள் தண்ணீர் போகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒரு ராத்திரி நின்ற வண்டியில் அது சிலிண்டருக்குள் தேங்கி, காலையில் ஸ்டார்ட்டர் தட்டியதும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். காற்றுக் கூலர் ஒழுகினால் போவது பூஸ்ட். தண்ணீர்க் கூலர் ஒழுகினால் இன்ஜினே போகலாம். இந்த வித்தியாசத்தை எந்தக் கேட்லாக்கும் அட்டவணை போட்டுக் காட்டுவதில்லை.

என்ன தண்ணீர் ஊற்றுவது? குளிர்நாட்டில் உறையாமலிருக்கப் பாதிக்குப் பாதி கிளைக்கால் சேர்க்கிறார்கள். அந்தக் கலவை சுமக்கும் சூடு சுத்தத் தண்ணீரைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. தமிழ்நாட்டுச் சமவெளியில் எதுவும் உறையப் போவதில்லை. வாரண்டி முடிந்த, ட்ராக்குக்கென்று வைத்திருக்கும் வண்டியில் டிஸ்டில்டு வாட்டரும் துருத் தடுப்பானும் போதும். வாரண்டியில் உள்ள வண்டிக்குக் கம்பெனி சொன்னதை மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீரை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். அந்த உப்பு கூலரின் மெல்லிய வழிகளில் படிந்தால் ஆசிட் விட்டாலும் முழுசாகப் போகாது, அலுமினியம்தான் போகும்.

கூலரே வேண்டாம் என்பவர்கள் எச்2வைக் காட்டுகிறார்கள். அந்த பைக்கின் சென்ட்ரிஃபியூகல் ப்ளோயரைக் கவாஸாகி தானே வடிவமைத்தது. திறன் அதிகம், பிறக்கும் சூடே குறைவு, இன்டேக் அறையையும் அலுமினியத்தில் செய்திருக்கிறார்கள். 998 சிசி இன்ஜினை அந்த ப்ளோயருக்காகவே கட்டியிருக்கிறார்கள். உங்கள் பழைய ஈட்டன் எம்62 ப்ளோயர் அந்த ஜாதி இல்லை. 0.3, 0.4 பாருக்குள் நின்றுகொள்கிறேன் என்றால் கூலர் இல்லாமலும் காலம் தள்ளலாம், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். தண்ணீர்-மெத்தனால் தெளிக்கும் கிட் நல்ல துணை. தண்ணீர் ஆவியாகும்போது கிலோவுக்கு 2,257 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும், அதற்கு ஈடான கூலர் கிடையாது. ஆனால் தொட்டி காலியானதை அறிந்து பூஸ்ட்டைக் குறைக்கும் ஏற்பாடு இல்லாமல் அதை நம்பி இக்னிஷனை முன்தள்ளினால் பிஸ்டனுக்கு நான் பொறுப்பில்லை.

வாங்கப் போகிறவர்களிடம் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். சென்ட்ரிஃபியூகல் கிட், வார இறுதியில் ட்ராக்: முன்பக்கக் காற்றுக் கூலர். கையில் இருக்கும் இடத்தில் மிகப் பெரியதை வாங்காதீர்கள், ரேடியேட்டரின் முகத்தை முழுசாக மறைத்துவிட்டு ஏப்ரலில் இன்ஜின் கொதிக்கிறது என்று வருவீர்கள். காற்று ஊடுருவும் ட்யூப் அண்ட் ஃபின் கோர் நம் வெயிலுக்கு நல்லது. பார் அண்ட் பிளேட் கனமும் உறுதியும் கூட, சூட்டைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் பின்னாலிருக்கும் ரேடியேட்டரைத் திணறடிக்கும். வி இன்ஜினின் பள்ளத்தில் ப்ளோயர் இருக்கும் கார்: உங்களுக்குத் தேர்வே இல்லை, தண்ணீர்தான். கட்டியை மாற்றக் காசு செலவழிக்கும் முன் முன் ரேடியேட்டரையும் பம்ப்பையும் பெரிதாக்குங்கள், ரிசர்வாயரின் கொள்ளளவைக் கூட்டுங்கள். பழைய சி200 கம்ப்ரஸர் பென்ஸ் வைத்திருப்பவர்கள் முன்னால் இருக்கும் காற்றுக் கூலரைச் சுத்தமாக வைத்து, ஹோஸ் க்ளாம்ப்களைப் பார்த்துக்கொண்டாலே போதும். அந்த இன்ஜின் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

கடைசியாகச் சட்டம். ஆர்சி புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. சாதாரண இன்ஜினில் ப்ளோயர் ஏற்றிச் சாலையில் ஓட்டினால் பிடிபட்ட அன்று இன்ஷூரன்ஸும் கைகழுவிவிடும். ஏற்றத்தான் வேண்டும் என்றால் ட்ராக்குக்கென்று ஒரு வண்டியை ஒதுக்கி, ட்ரெய்லரில் கொண்டுபோங்கள்.

இதற்கு மேலும் எந்தக் கூலர் என்று கேட்டு என்னிடம் வருபவர்கள், கூலருக்குப் பின்னால் உள்ள சென்சரில் மிதிக்கும் முன் என்ன சூடு, மிதித்து முடித்ததும் என்ன சூடு, பழைய நிலைக்கு இறங்க எத்தனை நொடி என்ற மூன்று எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். டீ என் செலவு.

அன்புடன்,
கோவைப் பட்டறைக்காரன் ஒருவன்